வைக்கோல் நோட்டு

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு யூனிபாரம் பதினான்கு மாதம் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கருநீலப் பினோபாரம், வெள்ளைச் சட்டை. 2020 செப்டம்பரில் தைத்தது. என் சின்னவளை ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்டில் சேர்த்திருந்தோம். நானும் கான்வென்டில் பத்தாவது வரை படித்தவள். நாங்கள் சைவக் குடும்பம்தான். ஆனாலும் சிஸ்டர்கள் கையில் ஒழுங்காக வளருவாள் என்று ஓர் ஆசை.

சேர்த்தோமே தவிர, அவள் அந்த வகுப்பறையைக் கண்ணால் பார்க்கவில்லை. மார்ச்சிலேயே பள்ளிகளை மூடிவிட்டார்களே! நவம்பர் 16-ஆம் தேதி பெரிய வகுப்புகளை மட்டும் திறக்கப் போகிறோம் என்றார்கள். பெற்றோர்களைக் கருத்துக் கேட்டுவிட்டு அதையும் தள்ளி வைத்தார்கள். ஆக, என் மகளுக்கு ஸ்கூல் என்றால் கையகலப் போன். அந்தப் போனும் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். என்னவர் தன்னுடைய டச் போனை வீட்டில் வைத்துவிட்டு, பழைய பட்டன் போனோடு கடைக்குப் போய் வந்தார். பெரியவன் அந்த வருஷம் பத்தாவது, வேறொரு பள்ளியில். அவனுக்குக் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு. சின்னவளுக்குப் பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், யாருக்குப் போன் கிடைத்திருக்கும் என்று. உங்களில் பல பேருக்கு நான் சொல்லாமலே தெரியும்.

நவம்பர் கடைசியில் அவளுடைய வகுப்பு மிஸ் குரூப்பில் பேசி அனுப்பியிருந்தார்கள்: "பிள்ளைகளா, வர்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திருவருகைக் காலம். நாம எல்லாரும் அவங்கவங்க வீட்டிலிருந்தே ஆயத்தம் பண்ணப் போறோம்."

"திருவருகைக் காலம்னா என்னம்மா?" என்று கேட்டாள். எனக்கு என் பள்ளிக்கூடமே கண்முன் வந்து நின்றது.

கான்வென்டில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமசுக்கு முந்தின நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் வைத்து வருகிற நாட்கள்தான் திருவருகைக் காலம். ஏசு பிறப்பதற்கு மனசைத் தயார் பண்ணும் காலம். கோயிலில் சாமியார் ஊதா நிற உடுப்புப் போட்டுக்கொள்வார். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் வேறு, இது வேறு. இது காத்திருக்கிற காலம். எங்கள் ஸ்கூலில் டிசம்பர் பிறந்தால் ஒரு பக்கம் அரைப் பரீட்சை பயம், இன்னொரு பக்கம் குடில் வேலை. தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து, அது பச்சையாக முளைத்ததும் குடிலுக்குள் புல்தரையாக வைப்போம். யாருடைய தட்டு முதலில் முளைக்கிறது என்று போட்டி. குடிலில் மாடு, ஆடு, இடையர், மாதா, சூசையப்பர் எல்லாரும் இருப்பார்கள். தொட்டில் மட்டும் காலியாக இருக்கும். (குடில் கட்டிக் காட்டும் வழக்கம் 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் செய்து காட்டியதிலிருந்து பரவியதாம்.)

அந்தக் காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல் இருக்கும். நாம் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டிலில் போடலாம். பாலன் பிறக்கும்போது அவருக்கு மெத்தென்று படுக்கை இருக்க வேண்டுமாம். யாரும் பார்க்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். பொய்யாக ஒரு வைக்கோல் போட்டுவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரண்ட நாள் எனக்கு உண்டு. இன்னொன்று, கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு. சீட்டுக் குலுக்கி ஒருத்திக்கு இன்னொருத்தி ரகசிய அம்மா. கடைசி நாள் வரைக்கும் யாரென்று சொல்லாமல் டெஸ்க்குக்குள் மிட்டாயும் வாழ்த்துச் சீட்டும் வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். என் கிறிஸ் மாம் ஒரு ரிப்பன் வைத்திருந்தாள். அந்த ரிப்பனை வெகு காலம் பத்திரமாக வைத்திருந்தேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் ஆசை பொங்கியது. உடனேயே, "இதெல்லாம் போன்ல எப்படிம்மா?" என்று சுருங்கியும் போனது.

2020 நவம்பர் 29 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கேதான் எங்களுக்குத் திருக்கார்த்திகை! காலையிலிருந்து பனை ஓலைக் கொழுக்கட்டை வேலை. ஓலையைக் கழுவித் துடைத்து, கருப்பட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன், இவள் வந்து நிற்கிறாள். "மிஸ் வளையம் செய்யச் சொன்னாங்க. பச்சை இலை வட்டமா வச்சு, நாலு மெழுகுவர்த்தி. மூணு ஊதா, ஒண்ணு ரோஸ். வாரத்துக்கு ஒண்ணா ஏத்தணும்."

ஊதா மெழுகுவர்த்திக்கு நான் எங்கே போவேன்? மிஸ்ஸுக்குப் பேசி அனுப்பினாள். "மெழுகுவர்த்தி இல்லாட்டி அகல் விளக்கு போதும்டா" என்று பதில் வந்தது. அப்புறம் என்ன! கார்த்திகைக்கு வாங்கின அகலிலேயே நான்கை எடுத்து, வெளிப்பக்கம் போஸ்டர் கலர் அடித்தாள். தாம்பாளத்தில் வேப்பிலையும் மாவிலையும் வட்டமாக அடுக்கினோம். என் மாமியார் ஏதாவது சொல்வார்களோ என்று எனக்கு உள்ளூர உதறல். அத்தை கிட்டே வந்து பார்த்தார்கள். "இலையில தீ பிடிச்சிராம, ரெண்டு செங்கல்லு வச்சு அதுமேல விளக்க வையி" என்றதோடு சரி. அன்று சாயங்காலம் வாசல் படியெல்லாம் கார்த்திகை விளக்கு. உள்ளே ஜன்னலோரம் ஒற்றை ஊதா அகல்.

அந்த வளையத்தைப் பற்றிப் பிறகு படித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக விடுதி நடத்தி வந்த யோஹான் விக்கெர்ன் என்ற பாதிரியார் 1839-ல் ஆரம்பித்து வைத்ததாம். அவர் கத்தோலிக்கர்கூட இல்லை, லூத்தரன் சபைக்காரர். "கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் துளைத்தெடுக்க, அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்ன மெழுகுவர்த்திகளும் நட்டு வைத்துத் தினம் ஒன்றாக ஏற்றினாராம். பின்னால்தான் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் வந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வைக்கோலுக்கு மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, தினம் செய்த ஒரு நல்ல காரியத்தை எழுதிப் பக்கத்தில் ஒரு வைக்கோல் வரைய வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அதைப் படம் பிடித்து மிஸ்ஸுக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். வீட்டில் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். நானும் பார்க்கவில்லை. எனக்கு எங்கே நேரம்? காலையில் எழுந்தால் பெரியவனுக்குச் சார்ஜ் இருக்கிறதா, டவர் கிடைக்கிறதா என்பதே பெரும்பாடு. அந்த முதல் வாரத்தில் புரெவி புயல் வருகிறது என்று ஒரே அமர்க்களம் வேறு. நல்ல வேளையாகக் கரைக்கு வருமுன் வலுவிழந்துபோனது. ஆனாலும் மழையும் கரண்ட் கட்டும் போட்டிபோட்டன. இருக்கிற சார்ஜை அவனுக்கென்று மிச்சம் பிடித்தேன். "அண்ணனுக்குப் பப்ளிக் எக்ஸாம்டி. நீ ஆறாவதுதானே? ராத்திரி குரூப்ல பார்த்து எழுதிக்கலாம்" என்பேன். அவள் முரண்டு பிடிக்க மாட்டாள். சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். என்ன சமர்த்து என்று அத்தையிடம் பெருமைகூடப் பேசியிருக்கிறேன்.

டிசம்பர் 12, சனிக்கிழமை. ராத்திரி எட்டரை இருக்கும். பட்டன் போன் அடித்தது. மிஸ்.

"அம்மா, சாப்பிட்டாச்சா? ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? பாப்பாவோட வைக்கோல் நோட்டு பார்த்தீங்களா?"

"இல்லை மிஸ். நீங்கதான் வீட்டில காட்ட வேண்டாம்னு..."

"ஆமா, சொன்னேன். காட்டக் கூடாததைக் காட்டுறேன்னு பாப்பா கோவிச்சுக்கலாம். பரவாயில்லை, படிக்கிறேன், கேளுங்க."

படித்தார்கள். முதல் நாள்: அண்ணனுக்குப் போனை விட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாள்: அண்ணனுக்குப் போனை விட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள், அதுவே. நடுவில் ஒரு நாள் மட்டும், ஆச்சிக்குக் கால் பிடித்துவிட்டேன். அன்று கரண்ட் இல்லை, போனும் அணைந்து கிடந்தது. மறுநாள் மறுபடியும் அதே வரி. இரண்டு வாரத்தில் பதினோரு வைக்கோல். அதில் பத்து, போனை விட்டுக் கொடுத்தது.

நான் பேசவில்லை. மிஸ்தான் பேசினார்கள்.

"நல்ல பிள்ளைன்னு பச்சை மையில எழுதலாம்னு பேனாவ எடுத்தேம்மா. மனசு வரலை. ஒரு நாள் விட்டுக் கொடுத்தா அது வைக்கோல். தினமும்னா அது அவ குடுத்தது இல்லை, அவகிட்டயிருந்து நாம எடுத்தது. என் கிளாஸ்ல நாற்பத்தி ரெண்டு பிள்ளைங்க. இவ குரலை நான் இன்னும் நேர்ல கேட்டதே இல்லை."

அந்த மிஸ்ஸுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயசுதான் இருக்கும். என் தங்கை மகள் வயசு. "சரி மிஸ்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெகு நேரம் நின்றேன். குழாய்த் தண்ணீர் ஓடினால் அழுவது வெளியே கேட்காது. நம் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதானே.

எனக்கு உறைத்தது எது தெரியுமா? என் அம்மாவும் இப்படித்தான். பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்க வைத்தார்கள். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மறக்காதவள்தான் தினம் காலை ஒன்பது மணிக்கு அதையே செய்திருக்கிறேன், சமர்த்து என்று சர்டிபிகேட்டும் கொடுத்து!

ராத்திரி அவரிடம் சொன்னேன். "பத்தாவது முக்கியமில்லையா? இந்த ஒரு வருஷம் பொறுக்கட்டுமே" என்றார். "அவளும் இந்த ஒரு வருஷம்தான் ஆறாவது படிப்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் காபி குடிக்கும்போது, "சீட்டுப் பணம் எப்ப வரும்?" என்று கேட்டார். மாசியில் வரும். அதுவரைக்கும்?

மறுநாள் மூன்றாம் ஞாயிறு, ரோஸ் விளக்கு ஏற்றும் நாள். மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். விளக்கை ஏற்றிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டோம். திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்குப் போன் சின்னவளுக்கு. அந்த நேரத்து அவன் வகுப்பை அவனுடைய ஸ்கூலில் பதிவு செய்தும் அனுப்பினார்கள், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். பாடம் விட்டுப்போனால் கல்வி தொலைக்காட்சி இருக்கவே இருக்கிறது, பத்தாவது பாடம் அதிலும் நடத்தினார்கள். செவ்வாய், வியாழன் அவனுக்கு. பெரியவன் குதித்தான். "எனக்குத்தான் எக்ஸாம், அவளுக்கென்ன?" என்று கதவை அறைந்துவிட்டுப் போனான். அந்த வாரமே ஒரு கணக்கு டெஸ்ட் விட்டுப்போய், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான் என்று இருந்தேன். மூன்றாம் நாள் பசித்தால் பேசத்தானே வேண்டும்!

அட்டவணை போட உட்கார்ந்தபோதுதான், நாலு மணி நேரம் அவன் விடாமல் போனைப் பார்ப்பதும் உறுத்தியது. தலைவலி, கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பவர் இல்லை, கண் களைப்புத்தான் என்றார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொன்னார். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறதாம், அதனால்தான் கண் உலர்ந்து எரிகிறது. எங்கள் வீட்டில் இருபது அடிக்கு எதிர் வீட்டு முருங்கை மரம்தான் சரியாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, எத்தனை காய் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணியே வைத்திருந்தார்கள்! போனைக் கையில் பிடிக்காமல் அரிசி டப்பாமேல் சாய்த்து, முகத்திலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் வைக்கப் பழக்கினேன். சாயங்காலம் அரை மணியாவது மொட்டை மாடி வெளிச்சத்தில் விளையாட வேண்டும். இத்தனைக்கும் 2020 ஜூலையிலேயே மத்திய அரசு 'பிரக்யாதா' என்று ஒரு வழிமுறை போட்டிருந்தது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்பு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு. ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம்தான் என்று. வகுப்பு முடிந்த பிறகும் ஹோம்வொர்க், குரூப், விளையாட்டு என்று பிள்ளைகள் போனோடு கிடந்தார்களே, அதற்கு யார் வழிமுறை போடுவது?

கிறிஸ் சைல்டு விஷயத்தைச் சொல்ல விட்டுப்போனது. மிஸ் சீட்டுக் குலுக்கி, அவரவருக்குத் தனியாகப் பேர் அனுப்பியிருந்தார்கள். என் மகளுக்கு விழுந்தது ஒரு விடுதிப் பிள்ளை. விடுதியை மூடியிருந்ததால் அவள் உடன்குடி பக்கத்தில் தன் கிராமத்தில் இருந்தாள். அந்த வீட்டில் டச் போனே கிடையாது. "அவ வகுப்புக்கே வர முடியலைடா. அதனால உனக்குப் பெரிய பொறுப்பு" என்று சொல்லி விலாசம் கொடுத்திருந்தார்கள். தபால் ஆபீசில் ஐம்பது காசு கார்டு பத்து வாங்கிக் கொடுத்தேன். கார்டு என்ற ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்! எந்தப் பக்கம் விலாசம் எழுதுவது என்று கேட்டாள். வாரத்துக்கு இரண்டு கார்டு போனது. நட்சத்திரம் வரைந்து, அன்றைய பாடத்தைக் குட்டிக் குட்டியாக எழுதி, கீழே 'உன் கிறிஸ் மாம்' என்று கையெழுத்து. போன் கிடைக்காத நாட்களில் இவளே பாதிப் பாடம்தான் அறிந்திருந்தாள். அந்தப் பாதியையும் போனே இல்லாத ஒருத்திக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அதை ஒரு நாளும் வைக்கோல் நோட்டில் ஏற்றவில்லை. ஏனென்று கேட்டேன். "அது நல்ல காரியம் இல்லம்மா. எனக்குப் பிடிச்சுது, அதான் செஞ்சேன்" என்றாள்.

டிசம்பர் 21-ஆம் தேதி மிஸ் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார்கள். போனை அணைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போய்த் தென்மேற்கே பார்க்க வேண்டும். வியாழனும் சனியும் ஒட்டினாற்போலத் தெரியும் நாள் அது. 1623-க்குப் பிறகு அத்தனை நெருக்கமாக வந்தது அன்றுதான். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று பேப்பரில்கூடப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரே மேகம். அத்தையும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். ஆறே முக்காலுக்கு மேகம் விலகி ஒரு பத்து நிமிஷம் தெரிந்தது, ஒரு பெரிய பொட்டும் அதை ஒட்டி ஒரு சின்னப் பொட்டும். "ரெண்டும் நெசமாவே பக்கத்துலயா இருக்கு?" என்று அத்தை கேட்க, "இல்ல ஆச்சி, ரெண்டுக்கும் நடுவுல கோடிக் கணக்கான மைல். நமக்குத்தான் பக்கத்துல தெரியுது" என்று பெரியவன் விளக்கினான். அன்றைக்குத்தான் தங்கையின் தோளில் கை போட்டு நின்றான்.

பள்ளியின் கிறிஸ்துமஸ் விழா 23-ஆம் தேதி போனிலேயே நடந்தது. அந்தக் கூத்தை என்ன சொல்ல! நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடினால், ஒருத்தி குரல் முன்னால், ஒருத்தி குரல் பின்னால். ஒரு வீட்டில் குக்கர் விசில், ஒரு வீட்டில் சேவல். கடைசியில் மிஸ் எல்லார் மைக்கையும் மூடிவிட்டு, தான் ஒருத்தியே பாடினார்கள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் வாயசைத்துப் பாடினார்கள். குட்டிக் குட்டிச் சதுரங்களில் அத்தனை வாயும் ஒன்றாக அசைவதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

2021 பிப்ரவரி 25-ஆம் தேதி ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புக்கும் பரீட்சை இல்லாமலே பாஸ் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. எந்தப் பப்ளிக் எக்ஸாமைச் சொல்லி அவளிடமிருந்து போனைப் பிடுங்கினேனோ, அந்த எக்ஸாமே நடக்கவில்லை. பெரியவன் துள்ளிக் குதித்தான். சின்னவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாசியில் சீட்டுப் பணம் வந்ததும் இன்னொரு போன் வாங்கினோம், பழசுதான். அது அவள் கைக்கு.

ஒன்று முதல் எட்டு வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இவள் அப்போது ஏழாவது. பீரோவிலிருந்து யூனிபாரத்தை எடுத்தால் முழங்காலுக்கு மேலே நிற்கிறது! மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்துவிட்டேன், அப்படியும் எட்டவில்லை. ஒருமுறைகூடப் போடாத உடுப்பை அக்கம்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்தோம்.

அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி திருவருகைக் காலம் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜக் குடில், நிஜ வைக்கோல். முதல் திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வாசலில் காத்திருந்தேன். முகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே, இவளைவிட ஒரு சாண் உயரமாக இன்னொருத்தி.

"அம்மா, இவதான் என் கிறிஸ் சைல்டு! விடுதிக்கு இன்னைக்குத்தான் வந்தா. நான் குட்டியா இருப்பான்னு நெனச்சேன்!"

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பைக்குள் கை விட்டு, பேப்பரில் சுற்றின ஒரு சில்லுக் கருப்பட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னொரு கையில் ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டு. பத்துக் கார்டும் இருந்தன. மழையில் நனைந்து ஒன்றில் மட்டும் மை கலைந்திருந்தது. "இதுல என்ன எழுதியிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?" என்று அவள் இவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.